அந்தரத்தில் நிற்பது யார்? சென்னையில் சிறு வல்லூறுகளை இனம் காணும் முறை

நவம்பர் வந்தால் அமூர் வல்லூறு செய்திக்கு வந்துவிடும். தென்கிழக்குச் சைபீரியாவிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரிக்கும் இந்தப் பறவை, நாகாலாந்து, மணிப்பூர் வழியாக இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலையும் தாண்டி ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குப் போகிறது. எடை ஏறக்குறைய 150 கிராம்தான். செய்தி வந்த கையோடு, வேளச்சேரியிலோ அண்ணா நகரிலோ ஏ.சி. பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு வேட்டைப் பறவையைப் படம் பிடித்து ‘இது அதுதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு.

அநேகமாக இல்லை. வீட்டுப் பக்கம் வந்து உட்காரும் பறவை பெரும்பாலும் வைரி. அது வல்லூறு இனமே அல்ல. குளிர்காலத்தில் நகருக்கு வெளியே பொட்டல் காட்டின் மேல் அசையாமல் அந்தரத்தில் நிற்கும் பழுப்புப் பறவையைப் பார்த்தீர்கள் என்றால், அதுதான் சென்னைக்காரர் எளிதில் பார்க்கக்கூடிய உண்மையான சிறு வல்லூறு: சிற்றெழால். இதை இனம் காண நிறத்திலிருந்து தொடங்கினால் வழி தவறும். இறக்கை, கண், நடத்தை ஆகியவற்றைப் பார்த்துவிட்டுக் கடைசியில் நிறத்துக்கு வர வேண்டும்.

முதலில் பெயர்ச் சிக்கல்

தமிழில் வல்லூறு என்ற சொல் ஒரே பறவைக்கு உரியதாக நிற்கவில்லை. வைரியையும் வல்லூறு என்பதுண்டு. இன்றைய செய்திகளில் ‘ஃபால்கன்’ என்று வருவதெல்லாம் வல்லூறு ஆகிறது. ஊர்ப் பேச்சிலோ வளைந்த அலகு இருந்தால் பருந்து, கொஞ்சம் மரியாதை கூடினால் ராஜாளி. அரக்கோணத்தில் 1992 முதல் இருக்கும் கடற்படை விமான தளத்துக்கும் ராஜாளி என்றே பெயர். அது எந்தப் பறவை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சங்கப் பாடல்களில் வரும் ‘எழால்’ என்ற சொல்லைப் பறவை நோக்குவோர் மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்து, கெஸ்ட்ரல் என்னும் பறவையைச் சிற்றெழால் என்கிறார்கள்.

தமிழில் மட்டும்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். செந்தலை வல்லூறின் அறிவியல் பெயரில் உள்ள ‘சிக்கெரா’ என்ற சொல், வைரியைக் குறிக்கும் இந்திச் சொல்லான ‘ஷிக்ரா’விலிருந்து வந்தது. பெயர் வைத்தவர்களே பறவையை மாற்றிப் பிடித்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் வல்லூறு என்றால் ‘ஃபால்கோ’ பேரினத்துப் பறவை மட்டுமே. வைரி என்றால் ஷிக்ரா. சிற்றெழால் என்றால் கெஸ்ட்ரல்.

வல்லூறு என்று எதைச் சொல்வது

பருந்து, கழுகு, வைரி ஆகியவை ஒரு குடும்பம். வல்லூறுகள் வேறு குடும்பம். நெடுங்காலம் இவற்றை நெருங்கிய உறவினராகவே வைத்திருந்தார்கள். 2008-இல் வெளியான பெரிய மரபணு ஒப்பீடு அந்தக் கணக்கை மாற்றியது: வல்லூறுக்கு நெருங்கிய சொந்தம் பருந்து அல்ல, கிளியும், குருவி வகைப் பறவைகளும்தான். வளைந்த அலகும் கூர் நகமும் இரு பக்கமும் தனித்தனியாக உருவானவை. தொழில் ஒன்றானதால் கருவியும் ஒன்றானது.

பார்க்கும் இடத்திலேயே பிரித்தறிய உதவும் வேறுபாடுகள் இவை:

1. இறக்கை நுனி. வல்லூறின் இறக்கை நீண்டு, அரிவாள் போல ஒடுங்கிக் கூராக முடியும். வைரியின் இறக்கை குட்டை, அகலம்; நுனியில் இறகுகள் விரல் விரலாகப் பிரிந்து தெரியும்.

2. கண். வல்லூறின் கண் கருப்பாகத் தோன்றும் அடர் பழுப்பு. சுற்றிலும் பெரும்பாலும் மஞ்சள் வளையம். வளர்ந்த வைரியின் கண் மஞ்சளோ ஆரஞ்சோ சிவப்போ ஆக இருக்கும். தெளிவான ஒரு படம் கையில் இருந்தால் இந்த ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

3. மீசை. பெரும்பாலான வல்லூறுகளுக்குக் கண்ணுக்குக் கீழே ஒரு கருங்கோடு இறங்கும். வைரிக்கு இது கிடையாது. அதற்குத் தொண்டை நடுவில்தான் ஒரு மெல்லிய கோடு.

4. அலகுப் பல். வல்லூறின் மேல் அலகின் ஓரத்தில், வளைந்த நுனிக்குச் சற்றுப் பின்னால், பல் போன்ற ஒரு கூர் முனை இருக்கும். இரையின் பிடரியில் கடித்துத் தண்டுவடத்தைத் துண்டிக்க அது உதவுகிறது. வைரியோ இரையைக் காலால் இறுக்கிக் கொல்லும். தூரத்திலிருந்து இது தெரியாது. ஆனால் காயமடைந்த பறவை கைக்கு வந்தால் சந்தேகமே இல்லாமல் பிரித்துவிடலாம்.

5. கூடு. வல்லூறு சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. பாறை இடுக்கு, கட்டட விளிம்பு, காக்கை கைவிட்ட கூடு என்று கிடைத்த இடத்தில் முட்டையிடும். ஆகவே உங்கள் தெரு வேப்ப மரத்தில் ஒரு ‘சின்னப் பருந்து’ குச்சி சுமந்து கூடு கட்டினால், மற்ற எதையும் பார்க்காமலே வைரி என்று எழுதிக்கொள்ளலாம்.

நகருக்குள் இருப்பது வைரி

வைரி மரங்களுக்கிடையே வேட்டையாடும் பறவை. இலை மறைவில் உட்கார்ந்திருந்து, திடீரெனத் தாழப் பாய்ந்து, ஓணானையோ அணிலையோ குருவியையோ அடித்துக்கொண்டு போகும். குட்டை இறக்கையும் நீண்ட வாலும் கிளைகளுக்குள் சட்டென்று திரும்புவதற்கானவை. ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும். கிண்டி தேசியப் பூங்கா போன்ற மரம் அடர்ந்த இடங்கள் அதற்கு ஏற்றவை. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ ஒரு பழைய மாமரமும் அதற்குப் போதும்.

வளர்ந்த ஆணின் முதுகு வெளிர் சாம்பல். நெஞ்சில் செம்பழுப்பு நிறத்தில் நெருக்கமான குறுக்கு வரிகள். இளம் பறவைதான் பெருங்குழப்பம் செய்யும்: முதுகு பழுப்பு, நெஞ்சில் மேலிருந்து கீழாக ஓடும் புள்ளிக் கோடுகள். சிற்றெழாலின் நெஞ்சும் இப்படித்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்பவர் வழுக்கி விழும் இடம் இதுதான். கண் வெளிறி, தொண்டை நடுவில் கோடு இருந்தால் அது வைரிக் குஞ்சு.

அக்காக்குயிலும் இந்த ஆட்டத்தில் உண்டு. அதன் உடல் நிறமும் பறக்கும் விதமும் வைரியைப் போலவே இருப்பதால் சிறு பறவைகளே ஏமாந்து கூச்சலிடும். அலகைப் பாருங்கள்: குயிலுக்கு வளைகொக்கி இல்லை.

சிற்றெழால்: அளவும் தோற்றமும்

உடல் நீளம் 32 முதல் 35 செ.மீ. வரை, கிட்டத்தட்ட மாடப்புறா அளவு. ஆனால் புறா 300 கிராம் இருந்தால் இது 200 கிராம் அளவில்தான் இருக்கும். நீளத்தில் பெரும்பங்கு வாலுக்குப் போய்விடுகிறது. இரு இறக்கை நுனிகளுக்கும் இடையே 70 முதல் 80 செ.மீ. பெண், ஆணைவிடச் சற்றுப் பெரியது. வேட்டைப் பறவைகள் பலவற்றில் இதே வழக்கம்.

ஆணுக்குத் தலையும் வாலும் நீலச் சாம்பல். வாலின் கடைசியில் ஒரே ஒரு தடித்த கருப்புப் பட்டை, அதற்கப்பால் மெல்லிய வெள்ளை ஓரம். முதுகு செங்கல் நிறம். அதில் சிதறிய கரும்புள்ளிகள். பெண்ணுக்குத் தலை முதல் வால் வரை பழுப்பு. முதுகில் புள்ளிக்குப் பதில் குறுக்கு வரிகள், வால் முழுவதும் மெல்லிய கரும்பட்டைகள். இரண்டுக்கும் மேலிருந்து பார்த்தால் இறக்கையின் வெளிப்பாதி கருத்தும் உட்பாதி செம்பழுப்பாகவும் இருக்கும். பறக்கும்போது தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம் இந்த இருநிறம்.

பழுப்பாக இருக்கும் எல்லாவற்றையும் பெண் என்று எழுதிவிடக் கூடாது. முதல் குளிர்காலத்தில் இளம் ஆணும் ஏறக்குறைய பெண்ணைப் போலத்தான் இருக்கும். வாலில் தெளிவான சாம்பல் நிறம் தெரிந்தால் ஒழிய, ‘பெண் அல்லது இளம் பறவை’ என்று குறிப்பதே நேர்மை.

தென்னிந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பாறைச் சரிவுகளில் ஆண்டு முழுவதும் தங்கிக் குஞ்சு பொரிக்கும் ஓர் உள்ளினம் (ஒரே இனத்தின் வட்டார வகை) இருக்கிறது. அதன் நிறம் அடர்த்தியானது. சென்னைச் சமவெளிக்குக் குளிர்காலத்தில் வருபவை வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள். வெயிலும் கேமராவும் நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதால், ஒரு படத்தை மட்டும் வைத்து உள்ளினத்தைச் சொல்வது வீண் வேலை.

காற்றில் நிற்பது எப்படி

சிற்றெழால் நிலத்துக்கு 10 முதல் 20 மீட்டர் உயரத்தில், ஒரே புள்ளியில் நிற்கும். வால் விசிறியாக விரிந்திருக்கும். இறக்கைகள் படபடக்கும். தலை மட்டும் ஆணியடித்ததுபோல் அசையாது. பார்ப்பவருக்கு இது மாயம். பறவைக்கு இது சாதாரணக் கணக்கு.

காற்று மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவை அதே 25 கி.மீ. வேகத்தில் காற்றை எதிர்த்துப் பறக்கிறது. காற்றைப் பொறுத்தவரை அது பறந்துகொண்டிருக்கிறது. தரையைப் பொறுத்தவரை நின்றுகொண்டிருக்கிறது. தேன்சிட்டு பூவின் முன்னால் தொங்குவது முழுக்க இறக்கையின் உழைப்பு. சிற்றெழால் பாதி உழைப்பைக் காற்றிடம் வாங்கிக்கொள்கிறது. நூலில்லாத பட்டம் என்று சொன்னால் தவறில்லை.

இதிலிருந்து சில விஷயங்கள் தாமாகவே வந்து விழுகின்றன.

1. நிற்கும் பறவையின் முகம் எப்போதும் காற்று வரும் திசையை நோக்கியே இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர், ஜனவரியில் அது பெரும்பாலும் வடகிழக்கு பார்த்து நிற்கும்.

2. காற்றே இல்லாத நாளில் நிற்பதற்கு முழு உழைப்பும் இறக்கையின் தலையில் விழுகிறது. செலவு கட்டுப்படியாகாது. அப்போது மின்கம்பியிலோ கம்பத்திலோ தனிப் பனையின் உச்சியிலோ உட்கார்ந்துதான் இரை தேடும். ‘அந்தரத்தில் நிற்கவில்லை, ஆகவே சிற்றெழால் இல்லை’ என்று சொல்லிவிட முடியாது.

3. காற்று பலமாக இருந்தால் இறக்கையை அடிக்காமலே கொஞ்ச நேரம் தொங்கும். மேட்டு நிலத்தின் விளிம்பில் காற்று மேலெழும் இடங்களில் இதைப் பார்க்கலாம்.

4. வேகம் குறையும்போது காற்றோட்டம் இறக்கையை விட்டு விலகாமல் காப்பது, முன்விளிம்பில் கட்டைவிரல்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சிற்றிறகுக் கொத்து. நல்ல படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது எழுந்து நிற்பது தெரியும்.

தலை ஏன் அசைவதில்லை? இரை சிறியது, புல்லுக்குள் ஓர் அசைவு, ஒரு நொடி. பார்க்கும் கண் ஆடினால் அந்த அசைவு பார்வையில் கரைந்துவிடும். எனவே உடல் எப்படி ஆடினாலும் கழுத்து அதை ஈடுகட்டித் தலையைச் சில மில்லிமீட்டருக்குள் நிறுத்தி வைக்கிறது. இரை தென்பட்டால் ஒரேயடியாக விழாது. சில மீட்டர் இறங்கி நிற்கும், மீண்டும் இறங்கி நிற்கும், கடைசியில்தான் பாயும். படிக்கட்டில் இறங்குவது போன்ற இந்த இறக்கமும் இனம் காட்டும் அடையாளம்தான்.

எலியின் சிறுநீர்த் தடம் புற ஊதா ஒளியில் தெரிவதால் சிற்றெழால் அதைப் பின்தொடர்கிறது என்ற செய்தியைப் பலர் படித்திருப்பார்கள். 1995-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து அது. பின்னால் வந்த ஆய்வுகள், அந்தத் தடம் பறவையின் கண்ணுக்குப் பின்புலத்திலிருந்து அவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரியுமா என்று சந்தேகம் எழுப்பின. தீர்ந்துபோன உண்மையாக அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. தவிர, நம் ஊரில் சிற்றெழாலின் இரைப் பட்டியலில் எலியோடு வெட்டுக்கிளி, ஓணான், அரணை ஆகியவையும் தாராளமாக உண்டு.

அந்தரத்தில் நிற்கும் மற்றவர்கள்

பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் போகிறவர்கள் அதிகம் தடுமாறுவது கருந்தோள் பருந்திடம். அதுவும் சிற்றெழால் அளவுதான், அதுவும் ஒரே இடத்தில் நிற்கும், அதுவும் கம்பியில் உட்காரும். ஆனால் அது வெள்ளையும் சாம்பலும். தோளில் கருப்புத் திட்டு, இரத்தச் சிவப்புக் கண், குட்டை வெள்ளை வால். நிற்கும்போது காலைத் தொங்கவிடும். பழுப்பு என்ற நிறமே வளர்ந்த பறவையிடம் இல்லாததால், வெளிச்சம் சரியாக இருந்தால் பிரிப்பது சுலபம். எதிர்வெயிலில் இரண்டும் கருநிழல். அப்போது வாலைப் பாருங்கள். நீண்ட வால் சிற்றெழால், குட்டை வால் கருந்தோள் பருந்து.

தண்ணீருக்கு நேர் மேலே நின்று செங்குத்தாக விழுவது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. காக்கையைவிட மிகப் பெரிய பறவை ஒன்று நின்றால் அது பாம்புண்ணிக் கழுகாக இருக்கலாம்.

மற்ற சிறு வல்லூறுகள்

செந்தலை வல்லூறு. பனைகள் நிற்கும் திறந்த சமவெளிக்கு உரியது, உள்ளூர்ப் பறவை. உச்சந்தலையும் பிடரியும் செம்பழுப்பு; முதுகு நீலச் சாம்பல்; வயிற்றில் நெருக்கமான கருப்புக் குறுக்கு வரிகள். சிற்றெழாலைப் போல நிற்காது. தாழ்வாக, நேராக, வேகமாகப் பறந்து சிறு பறவைகளைக் காற்றிலேயே பிடிக்கும். ஆணும் பெண்ணும் ஜோடியாக வேட்டையாடுவது இதன் தனிச்சிறப்பு: ஒன்று விரட்ட, மற்றொன்று மடக்கும். உலக அளவில் அச்சுறு நிலையை நெருங்கிய இனமாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். பனை போய் மனை வரும் புறநகரில் இதைப் பார்த்தால் கட்டாயம் பதிவு செய்யுங்கள்.

அமூர் வல்லூறு. வளர்ந்த ஆண் கரும் சாம்பல். தொடையும் வாலடியும் செம்பழுப்பு. பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்க முன்பகுதி பளிச்சென்று வெள்ளை. பெண்ணுக்கு வெளிர் நெஞ்சில் கரும்புள்ளிகள். இரண்டுக்கும் கால், கண் வளையம், அலகின் அடிப்பகுதி எல்லாம் ஆரஞ்சு கலந்த சிவப்பு. சிற்றெழாலுக்கு இவை மஞ்சள். படத்தில் காலைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். 2012-இல் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் இவை வலைவிரித்து ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொல்லப்பட்டதும், அடுத்த ஆண்டே ஊர் மக்கள் வேட்டையை நிறுத்தியதும், 2013 நவம்பரில் நாகா, வோக்கா, பாங்தி என்று பெயரிட்டு மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தியதும்தான் இதை நாடறிந்த பறவை ஆக்கின. அந்தப் புகழால், வடகிழக்கு மாநிலங்களில் லட்சக்கணக்கில் கூடும் பறவை எல்லா ஊர் மாடியிலும் வந்து உட்காரும் என்று ஆகிவிடாது. சென்னை வானில் அது அபூர்வம்.

சிறு கெஸ்ட்ரல். சிற்றெழாலின் அச்சு அசலான தம்பி. ஆணின் முதுகில் புள்ளி இருக்காது, மீசை இருக்காது. நகம் வெளிறியிருக்கும், சிற்றெழாலுக்கு நகம் கருப்பு. பெண்ணைப் பிரிக்க நகத்தின் நிறம் தெரியும் அளவுக்கு நல்ல படம் வேண்டும். இல்லையென்றால் ‘கெஸ்ட்ரல் வகை’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

பொரி வல்லூறு சிறியதல்ல. கிட்டத்தட்ட காக்கை அளவு, கட்டான உடல், தலையில் கருந்தொப்பி, தடித்த மீசை. உயரமான கோபுரத்திலிருந்து புறாவை விரட்டும் வல்லூறைப் பார்த்தால் இதை நினையுங்கள். சிற்றெழாலால் வளர்ந்த புறாவைத் தூக்க முடியாது. அடுக்குமாடிப் புறாத் தொல்லைக்கு அது வந்து தீர்வு தரும் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். பால்கனியில் மாட்டும் பிளாஸ்டிக் பருந்தும் அப்படியே: அசையாத பொம்மை என்று புறா சில நாளில் கண்டுகொள்ளும்.

எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது

சிற்றெழால் அக்டோபரில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கும். வேண்டியது திறந்த வெளி: குட்டைப் புல், புதர், தரிசு, அறுவடை முடிந்த வயல். கேளம்பாக்கம், தையூர், சிறுசேரிப் பக்கத்துப் பொட்டல்கள், நன்மங்கலம் காப்புக்காட்டின் ஓரம், வடக்கே பழவேற்காட்டை ஒட்டிய சமவெளிகள் எல்லாம் தேடிப் பார்க்க ஏற்ற நிலம். 2022-இல் ராம்சார் தகுதி (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம்) பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், தண்ணீரை அல்ல, காய்ந்த விளிம்பைப் பாருங்கள்.

எங்கே நிற்பது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. குளிர்காலக் காலையில் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். வடகிழக்குக் காற்று இருந்தால் பறவை வடகிழக்கு பார்த்து நிற்கும். நீங்கள் பறவைக்குத் தென்கிழக்கே நின்றால் வெயில் உங்கள் முதுகில். பறவையின் வலப்பக்கம் முழு வெளிச்சத்தில், மீசைக் கோட்டோடு. சாயங்காலம் சூரியன் தென்மேற்கே போய்விடும். அப்போது பறவைக்குப் பின்னால், தென்மேற்கே நின்றால் முதுகும் விரிந்த வாலும் தெளிவாகத் தெரியும். ஆணா, பெண் வகையா என்று பிரிக்க இதுவே நல்ல நேரம். உச்சி வெயில் எதற்கும் உதவாது. தரையிலிருந்து எழும் சூடான காற்றில் இறகின் கோடுகள் கலங்கிவிடும்.

8 மடங்கு பெருக்கும் 42 மி.மீ. பைனாகுலர் போதுமானது. கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் இருந்தால் நல்லது. ஷட்டர் 1/2000 நொடி. வானத்தைப் பின்னணியாக வைத்து எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுங்கள். கூட்டாவிட்டால் பளிச்சிடும் வானத்துக்கு ஏற்பக் கேமரா அளவெடுத்து, பறவை கரிக்கட்டை ஆகிவிடும். கருத்துப்போன படத்தைப் பார்த்துத்தான் பலர் ‘கருப்பு வல்லூறு, அமூராக இருக்கலாம்’ என்று எழுதுகிறார்கள். ஒரே ஒரு அழகான படத்தைவிட, வால் மேற்பக்கம், இறக்கை அடிப்பக்கம், முகம் என்று மூன்று சுமாரான படங்கள் அதிகம் பேசும்.

பார்த்ததை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் தேதி, நேரம், இடத்தோடு பதியுங்கள். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, சிற்றெழால் இங்கே இருக்கும் காலத்தோடு பொருந்தி வருகிறது. 15 நிமிடம் ஓர் இடத்தில் பார்த்து, இனம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினால் அது ஒரு முழுப் பட்டியல். பார்க்காததும் அதில் தகவல்தான்: ஆண்டுதோறும் சிற்றெழால் வந்த பொட்டலில் அது இல்லை என்றால், அது முந்தைய ஆண்டுப் பட்டியல்களோடு ஒப்பிடும்போது தெரியும்.

எலி மருந்தும் மாஞ்சாவும்

கடையில் கேக் வடிவில் கிடைக்கும் எலி மருந்துகள் பலவற்றில் இருப்பது புரோமடியோலோன் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் நஞ்சு. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் ஆகும். அந்த நாட்களில் அது தளர்ந்து, பகலிலேயே திறந்த வெளியில் தள்ளாடும். வேட்டைப் பறவைக்கு இதைவிட எளிய இரை கிடையாது. எலியின் ஈரலில் தங்கிய நஞ்சு பறவைக்குள் போகிறது. இரண்டு மூன்று எலிகளில் சேர்ந்தால் உட்காயம் ஒன்று போதும், இரத்தம் நிற்காது. சிற்றெழாலுக்கும் இரவில் வரும் கூகைக்கும் இதே கதி. குப்பையை மூடி வைப்பதும் கூண்டுப் பொறியும் மெதுவான வழிதான். ஆனால் எலி பிடிக்கும் பறவையைக் கொன்றுவிட்டு எலியை ஒழிப்பதில் லாபம் இல்லை.

மாஞ்சா நூல் இறக்கையின் முன்விளிம்புத் தோலை அறுக்கும். அந்தத் தோல் விறைப்பாக இல்லாமல் வல்லூறால் பறக்க முடியாது. பார்வைக்குச் சின்னக் கீறலாகத் தெரிந்தாலும், இறக்கையின் முன்பக்கத்தில் இருந்தால் அது பெரிய காயம்.

அடிபட்ட பறவை கிடைத்தால்

1. துரத்த வேண்டாம். தடித்த துண்டை முழு உடலையும் மூடும்படி மேலே போடுங்கள், இருட்டானதும் அடங்கும். முதலில் காலைக் கட்டுப்படுத்துங்கள். கடியைவிட நகம்தான் ஆழமாக இறங்கும்.

2. அட்டைப்பெட்டி போதும். அடியில் பழைய துணி, பக்கங்களில் பென்சில் பருமனில் ஏழெட்டு ஓட்டை. கம்பிக் கூண்டில் போட்டால் படபடத்து வாலிறகையும் இறக்கை இறகையும் ஒடித்துக்கொள்ளும்; அவை மறுபடி முளைக்கும்வரை வேட்டையாட முடியாது.

3. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கிறது. ஊற்றிய தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். பால், சோறு, ரொட்டி எதுவும் வேண்டாம்.

4. நூல் சுற்றியிருந்தால் இழுக்காதீர்கள். பறவையின் இரு பக்கமும் ஒரு சாண் விட்டு வெட்டி, சுற்றியதை மருத்துவர் பிரிக்கட்டும்.

5. கண்ணாடியில் மோதி மயங்கியதாக இருந்தால் பெட்டியில் அமைதியாக ஒன்றிரண்டு மணி நேரம் வையுங்கள். தெளிந்து, இரு காலிலும் நேராக நின்றால், பகல் வெளிச்சத்தில் திறந்த இடத்தில் பெட்டியைத் திறந்துவிடலாம். கையிலிருந்து மேலே வீச வேண்டாம். ஒரு இறக்கை தொங்கினாலோ கண் அரைகுறையாக மூடியிருந்தாலோ விட வேண்டாம்.

6. மற்ற எல்லா நிலையிலும் வனத் துறைக்குச் சொல்ல வேண்டும். வேட்டைப் பறவைகள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. குணமாகும்வரை நாமே வளர்ப்போம் என்று வீட்டில் வைத்துக்கொள்வது அன்பாக இருக்கலாம், சட்டப்படி குற்றம்.

7. கோடையில் மரத்தடியில் வெள்ளைப் பஞ்சு இன்னும் ஒட்டியிருக்கும் சிறு வேட்டைப் பறவை உட்கார்ந்திருந்தால், அது சென்னையில் ஏறக்குறைய நிச்சயமாக வைரிக் குஞ்சு. பறக்கப் பழகும் வயது. காயம் இல்லையென்றால் பக்கத்துக் கிளையில், நாய் பூனை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். தாய் அருகில்தான் இருக்கும். ஆள் நகர்ந்த பிறகே இரையோடு இறங்கும்.